பல் துலக்காமல் வரவும்

மார்ச் 3, திங்கள்

இன்று மட்டும் நாற்பது வாய்கள். கானாவின் குமாசி ஊரே என் முகத்தில் மூச்சு விட்டதுபோல் இருக்கிறது. வீங்கிய ஈறு, ஓரத்தில் சீழ், பல்லிடுக்கில் நேற்றைய மீன். முகமூடிக்குள் தைலம் தடவியும் பயனில்லை. மார்க்கெட்டில் கெங்கே என்னும் புளித்த சோளமாவு உருண்டை விற்கும் ஆன்ட்டி செவா வாயைத் திறந்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். சீ! இதற்கா உயிர்வேதியியல் படித்தேன்?

எல்லோரிடமும் ஒரே பாட்டு: அடுத்த திங்கள் பல் துலக்காமல் வாருங்கள், ஈறில் ஊறும் நீரை எடுக்க வேண்டும்.

மார்ச் 5

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே அந்த வாய்கள்தான் தெரிகின்றன. ஆனால் ஒன்று, சோதனைக் குழாயில் வரும்போது அதே அசிங்கம் அழகாகிவிடுகிறது. கிருமியைக் கொல்ல ஓடிவரும் நம் வெள்ளணுக்கள் ஒரு நொதியைக் கக்குகின்றன. அது கிருமியை விட்டுவிட்டு, பல்லைப் பிடித்து நிறுத்தும் ஈறுச் சதையையே அறுக்கிறது. அதை அளந்து காட்டினால் எனக்கு டாக்டர் பட்டம். அழற்சி என்று நாம் சொல்வதில் பாதி, நம் ஆட்களே செய்யும் நாசம்.

மார்ச் 10, திங்கள்

நாசமாய்ப் போச்சு.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே காகிதப் பட்டையைச் செருகி முப்பது நொடி வைத்தால் அது வெள்ளையாகவே வர வேண்டும். நாற்பதில் முப்பத்தொன்று சிவப்பு! ரத்தத்திலும் அதே நொதி உண்டு. எது ஈறில் ஊறியது, எது ரத்தத்தில் வந்தது என்று யார் சொல்ல முடியும்? அத்தனை பேரும் பல்குச்சியால் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். சொன்னது காதில் ஏறாதா இவர்களுக்கு?

மார்ச் 11

என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் ஞார்கோ பட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சிவப்பா, பிராகோ? லேசா ரோஸ். எல்லாத்தையும் கணக்குல சேரு. மே மாசக் கருத்தரங்குக்குள்ள உன் ஆய்வு போகலைன்னா பட்டம் அடுத்த வருஷம்தான்."

"ரத்தம் சார் அது."

"யாரு வந்து பாக்கப் போறா?"

அவர் வாயில் ஒரு நாற்றமும் இல்லை. புதினா மிட்டாய் மணம். அதுதான் இன்றைக்கு என்னைக் குமட்ட வைத்தது.

மார்ச் 13

ஆத்திரம் தாங்காமல் மார்க்கெட்டுக்கே போய்விட்டேன். ஆன்ட்டி செவா கெங்கே உருண்டையின் இலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, துலக்காம வாங்கன்னுதானே சொன்னேன்? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"சொன்னே தாயி. ஆனா மொத நாளு நான் வாயத் தொறந்ததும் ஜன்னலத் தொறக்க எழுந்து போனியே? முகமூடி போட்டு மூக்கைத்தான் மூடியிருந்தே, கண்ண மூடலையே! அருவருப்பு அதுல தெரிஞ்சுதே. வெளிய வந்து எல்லாரும் அதைத்தான் பேசிக்கிட்டோம். நாறுற வாயோட மறுபடி ஒரு படிச்ச பொண்ணு முன்னால எப்படி வந்து உக்காருறது? ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ச்சோம். உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்."

பக்கத்துக் கடைப் பெண் சிரித்தாள். அவர் என் கையில் ஒரு கெங்கேயையும் பொரித்த மீனையும் திணித்து, "சாப்புடு, எலும்பா இருக்கே" என்றார்.

அங்கேயே நின்று தின்றேன்.

மார்ச் 14

என் மூஞ்சிதான் கெடுத்தது. என் மூஞ்சி. தூ.

மார்ச் 17

முப்பத்தொரு பட்டையையும் கழிவை எரிக்க அனுப்பும் பையில் போட்டேன். பேராசிரியரிடம் சொன்னேன்.

"மறுபடி எடுத்து அளக்குறதுக்குள்ள மே தாண்டிடும். அப்ப ஒரு வருஷம் போச்சு" என்றார்.

"போகட்டும் சார்."

வெளியே வந்து கழிப்பறையில் அழுதேன். போகட்டும் என்று சொன்னேனே தவிர, அம்மாவிடம் என்ன சொல்வேன்?

மார்ச் 24, திங்கள்

நேற்று இரவிலிருந்து நான் பல் துலக்கவில்லை. காலையில், மறுபடி வரச் சொல்லியிருந்த முப்பத்தொரு பேரும் பார்க்க, நான்தான் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். என் ஈறு நீரைப் பட்டையில் எடுக்கும்படி நர்ஸிடம் சொன்னேன்.

ஆன்ட்டி செவா கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யப்பா! படிச்ச வாயும் இப்படித்தானா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அவர் முகம் திரும்பிய அந்த ஒரு நொடி நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

அடுத்து அவர் உட்கார்ந்தார். என் கண்ணையே பார்த்தபடி வாயைத் திறந்தார். நாற்றம் வந்தது. நான் அசையவில்லை.

முப்பது நொடி. பட்டை வெள்ளையாக வந்தது.