காற்றுத் திருகு

அப்பா,

இன்று காலை படகின் எண்ணெய்த் தொட்டியைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்தபோது அந்த வாடை வந்தது. பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் கலந்த, லேசாக இனிக்கிற, வயிற்றைப் புரட்டுகிற வாடை. உங்கள் சட்டைகளிலிருந்து அது என்றோ போய்விட்டது. அம்மா எல்லாவற்றையும் துவைத்து அடுக்கிவிட்டார். தொட்டியைத்தான் துவைக்க முடியவில்லை. மூடிக்கு மேல் முகத்தை வைத்து ஆழமாக மூச்சிழுத்தேன். எனக்கு வாந்தி வரவில்லை. ஒரே ஆண்டில் மாறிவிட்டேன் என்று நினைத்தபோது, உங்களுக்கு ஏதோ துரோகம் செய்ததுபோல் இருந்தது.

அந்த வாடை எனக்கு ஆகாது என்பதில்தானே எல்லாம் தொடங்கியது.

நான் பள்ளியில் படிவம் மூன்றில் இருந்தேன். வாரம் முழுக்கக் குருண் நகரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் நீங்கள் செமிலிங் ஜெட்டியில், அந்த ஆற்றுப் படகுத்துறையில், நிற்பீர்கள். பழைய சம்பான் படகு, அதைவிடப் பழைய பதினைந்து குதிரைச் சக்தி இஞ்சின், முன்பக்கத்தில் புத்தகத்தோடு நான். அந்த மாதம் இஞ்சின் நம்மைப் படுத்தி எடுத்தது. இழுத்தால் உடனே பற்றிக்கொள்ளும். மெதுவாகப் போனால் ஒரு குறையும் இருக்காது. வேகம் கூட்டிப் பத்து நிமிடம் ஓடினால் மூச்சு வாங்கி, இருமி, நடு ஆற்றில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாகவே சரியாகும்.

"மாசோக் ஆங்கின்" என்று மலாயில் சொன்னீர்கள். காற்று உள்ளே புகுந்துவிட்டதாம். பக்கத்துப் படகுக்காரர் பாக் மானும் அதையே சொன்னார். ஜெட்டியில் யாரைக் கேட்டாலும் அதுதான். இஞ்சின் இருமினாலும் மாசோக் ஆங்கின், மனிதனுக்கு வயிறு உப்பினாலும் மாசோக் ஆங்கின். அந்த நம்பிக்கையில் நீங்கள் எண்ணெய்க் குழாயை மாற்றினீர்கள். கவ்விகளை மாற்றினீர்கள். பிளக்கைக் கழற்றித் தேய்த்தீர்கள். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில், அதே அலையாத்திக் காட்டின் ஓரத்தில் நின்றோம்.

இஞ்சின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. உங்களுக்குக் கை வேலை, எனக்கு வாசிப்பு என்று பிரித்துக்கொண்டோம். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சுத்தத் தமிழில் மொழிபெயர்ப்பேன்.

"வேகம் கூட்டும்போது இஞ்சின் தயங்குகிறது."

"தயங்குதா? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா அது, தயங்கறதுக்கு?"

"எண்ணெய்ப் பட்டினி காரணமாக இருக்கலாம்."

"டேங்க் நெறய ஊத்திருக்கேன், அதுக்கு என்னா பட்டினி? விரதமா?"

"அப்பா, கிண்டல் பண்ணாம கேளுங்க. முதல் வரி: ரப்பர் பம்ப் ஒட்டிப்போயிருக்கிறதா என்று பார்க்கவும்."

குழாயின் நடுவில் முட்டை போலிருக்கும் அந்தக் கறுப்புப் பம்பை நீங்கள் பார்த்தீர்கள். யாரோ வாயால் உறிஞ்சியதுபோல் அது ஒட்டிக் கிடந்தது. நான் அடுத்த வரியை வாசித்தேன்: தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? உங்கள் கை மூடிக்குப் போய் அப்படியே நின்றது. எண்ணெய் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லை. திருகை நீங்களேதான் இறுக மூடியிருந்தீர்கள். காரில் வாடை வந்தால் நான் வாந்தி எடுப்பேன் என்று, அந்த மாதம் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மூடி, ஒவ்வொரு ஞாயிறும் திறக்க மறந்திருக்கிறீர்கள்.

திருகைத் திறந்ததும் தொட்டி 'ஹா' என்று மூச்சிழுத்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் சம்பானே ஆடியது.

"மாசோக் ஆங்கின் இல்லலா கண்ணு. ஆங்கின் தாக் மாசோக்!"

காற்று புகுந்ததல்ல, காற்று புகாததுதான் கோளாறு. அன்றிலிருந்து அது நம் இருவருக்குமான சொல்லாகிவிட்டது. கதவு திறக்காவிட்டாலும் தாக் மாசோக். எனக்குக் கணக்கு புரியாவிட்டாலும் தாக் மாசோக்.

அடுத்ததை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

நீங்கள் போவதற்கு முதல் நாள் மாலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் சமையலறை மேசையில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்த நீங்கள் சட்டையைக்கூட மாற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"கண்ணு, அந்தத் தைலத்த எடு. நெஞ்சுல மாசோக் ஆங்கின்."

"மாசோக்கா, தாக் மாசோக்கா?" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தும் உங்கள் நெற்றி வேர்த்திருந்தது. எதையும் கவனிக்கிற பிள்ளை என்று ஆசிரியர்கள் என்னைச் சொல்வார்கள். கவனித்தேன்தான். கவனித்துவிட்டுத் தைலத்தைத் தேய்த்தேன். நீங்கள் ஓர் ஏப்பம் விட்டு, "பாத்தியா, போயிடுச்சு" என்றீர்கள். "அம்மாகிட்ட சொல்லாத. கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போயிடுவா." நான் சொல்லவில்லை. மறுநாள் வேலையிடத்தில் விழுந்தீர்கள்.

எப்போது தொடங்கியது? வேகம் கூட்டினால் அதிகமாகிறதா? ஓய்வு கொடுத்தால் குறைகிறதா? ஓர் இஞ்சினிடம் இத்தனையும் கேட்ட நான் உங்களிடம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, அப்பா. இந்த ஓராண்டும் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சாப்பிட்டதில்லை. பள்ளி விட்டு வந்ததும் பின்கொட்டகையில் இஞ்சின் முன்னால் உட்கார்ந்து கையேட்டைச் சத்தமாக வாசிப்பேன். கிண்டல் செய்ய ஆளில்லாமல் என் மொழிபெயர்ப்பு தேர்வுக் கட்டுரை மாதிரி ஒலிக்கும். அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இருந்தோம்.

இன்று உங்கள் முதல் திதி. அஸ்தியைக் கரைத்த முகத்துவாரத்தில், உங்கள் சம்பானிலேயே போய்ப் பூப்போட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். படகோட்ட பாக் மான் ஒப்புக்கொண்டார். இஞ்சின் இரண்டாவது இழுப்பிலேயே பற்றியது. பாதி தூரம் போனதும் இருமியது. மீண்டும் பிடித்தது. மீண்டும் இருமி, நின்றேவிட்டது.

பாக் மான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "மாசோக் ஆங்கின், லா" என்றார்.

அம்மாவின் மடியில் இருந்த செவ்வந்தி மாலை நழுவியது. நான் எனக்கே தெரியாத குரலில், மலாயில், "பார்க்காமல் சொல்லாதீர்கள், பாக்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

திருகைப் பார்த்தேன். திறந்திருந்தது. பம்பை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக, சரியாக இருந்தது. அடுத்த வரி: வடிகட்டி. அதன் சின்னக் கிண்ணத்தைக் கழற்றி, அம்மா கொண்டுவந்த கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். மேலே எண்ணெய். அடியில் தனியாக, உருண்டை உருண்டையாகத் தண்ணீர்.

எப்படிப் புகுந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. நீங்கள் போன வாரம் நான் கொட்டகைக்குப் போய் அந்தத் திருகை முழுவதுமாகத் திறந்துவைத்தேன். இனி ஒருபோதும் மூடக்கூடாது என்று. கூரைத் தகரத்தில் ஓட்டை இருப்பதை நினைக்கவில்லை. ஓராண்டு மழை சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது.

"என்னம்மா, காத்தா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. தண்ணி. நான்தான் தெறந்து வெச்சேன்."

பாக் மான் தம்முடைய எண்ணெய்க் கேனை எடுத்துக் குழாயை மாற்றிப் பொருத்தத் தொடங்கினார். இஞ்சின் சத்தம் இல்லாத ஆற்றில், அந்தக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். தைலம், வேர்வை, ஏப்பம், சொல்லாதே என்றது. அம்மா அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அம்மா நழுவிய மாலையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி ராத்திரி நானும் தேச்சேன்" என்றார். "காத்துதான்னாரு. கிளினிக்குப் போவோமான்னு கேட்டேன். பிள்ளைக்குப் பரீட்ச, அதுகிட்ட சொல்லாத, பயந்துடும்னாரு. காலையில வேலைக்கிப் போவாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஒன் மொகத்தப் பாக்கவே எனக்கு முடியல."

நீங்கள் இரண்டு பக்கமும் இறுக மூடிவிட்டுப் போயிருந்தீர்கள், அப்பா. எங்களுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்றுதான் மூடினீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று முதல்முறையாக உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

புது எண்ணெயில் இஞ்சின் பத்து முறை தும்மிவிட்டு ஓடியது. பூப்போட்டோம். அலை இல்லை. மாலை ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, பிறகு கடல் பக்கம் நகர்ந்தது. திரும்பும்போது முன்பக்கத்தில் உங்கள் பிள்ளை, கையில் புத்தகம் இல்லாமல்.

கரையேறும்போது அம்மா தோளைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதாம்மா?" என்றேன்.

"ஒன்னுமில்ல, வெறும்..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. "ரெண்டு வாரமா இருக்கு. துணி பிழியறப்ப அதிகமாவுது" என்றார்.

நாளைக் காலை கிளினிக்குக்குப் போகிறோம். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன்.

ஜெட்டியில் தொட்டியைக் காரில் ஏற்றுமுன் கெட்ட எண்ணெயை வடித்தேன். பிறகு திருகைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மூடினேன், அப்பா. அம்மாவுக்கும் அந்த வாடை ஆகாதாம். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் சொன்னதே இல்லை. மூடிவிட்டு, பேனாவை எடுத்து உள்ளங்கையில் 'திற' என்று எழுதிக்கொண்டேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அது கையில் இருக்கிறது. வேர்வையில் மங்கும்போதெல்லாம் மேலே மறுபடி எழுதிக்கொள்கிறேன்.