பீச்சாங்கைக்கு ஒரு பேனா

பேனாவைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். நிப்பைத் தண்ணீரில் அமிழ்த்தியதும் நீலம் ஒரு நூலாக இறங்கி, அடியில் போய்ச் சுருண்டு, பிறகு டம்ளர் முழுக்கப் பரவுகிறது. கூடவே அந்த மணம். புதுப் பெயின்ட்டும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி என்று நீ சொல்வாயே, அதேதான். விடுதிக் குழாயடிக்குத் துணி துவைக்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சிவில் நீதிபதி தேர்வின் கடைசித் தாளை இன்றைக்கு எழுதி முடித்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முதல் முறை இந்தத் தேர்வை நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதிக் கட்டைவிரல் மரத்துப்போய், கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும் எழுத முடியாமல் எழுந்து வந்தேன். கிணத்துக்கடவில் தேங்காய் உரிக்கும் அப்பா, "கை வலிச்சா தைலம் தேச்சுக்கோ கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இதற்கு வேறு வைத்தியம் உண்டென்று எங்களில் யாருக்கும் தெரியாது. விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த நீதான் சொன்னாய்: "கைக்கு ஒண்ணும் இல்லடி. அழுத்தாம எழுதற பேனா வேணும். நல்ல மைப்பேனாவா ஒண்ணு வாங்கு. இன்னொரு தடவ நீ தோத்தா உன் மூஞ்சிய என்னால பார்க்க முடியாது."

ஒரு சனிக்கிழமை காலை ராஜ வீதிப் பக்கம் போனோம். கடையை அப்போதுதான் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார் கடைக்காரர். கண்ணாடிப் பெட்டிக்குள் பேனாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நகைக்கடையில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

"ஏனுங்க, எனக்கொரு பேனா வேணுங்க" என்றேன். என் குரல் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டவில்லை.

"வாங்க அம்மணி. இன்னிக்கு நீங்கதான் போணி. எழுதிப் பார்த்து எடுங்க" என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, ஒரு பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்.

காலை முதல் வியாபாரம், ஊதுபத்திப் புகை, அப்பா வயதுள்ள மனிதர். அவர் முன்னால் பீச்சாங்கையை எப்படி நீட்டுவது? சோத்துக் கையால் வாங்கினேன். வாங்கியதோடு விட்டிருக்கலாம். அதே கையால் எழுதியும் பார்த்தேன்! பிறந்ததிலிருந்து இடது கையால் மட்டுமே எழுதியவள், அந்தத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். அது நண்டு ஊர்ந்த மாதிரி வந்தது. "நல்லா இருக்குங்க" என்றேன். அடுத்த பேனாவும் நல்லா இருக்குங்க. அதற்கடுத்ததும் நல்லா இருக்குங்க.

நீ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாய்.

"ஏன்டி, இது யார் எழுதினது? கோழியா?"

"சும்மா இரு புள்ள, போணி நேரம்" என்று உன் காதில் கிசுகிசுத்தேன்.

"அப்ப வலது கைக்காரிக்குப் பேனா வாங்கிட்டுப் போய், இடது கையால பரீட்சை எழுதப் போறியா?"

"நீயே அவர்கிட்டச் சொல்லேன்."

"நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி வாங்கினா அது என் பேனா. கேட்டா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?"

நாயைக்கூட 'போங்க' என்று துரத்துகிற ஊர்க்காரி என்று என்னை எத்தனை முறை கேலி செய்திருப்பாய்! வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகளுக்கிடையே கத்திப் பேசி வளர்ந்த உனக்கு என் தயக்கம் புரிந்ததே இல்லை. ஆனாலும் அன்று நீ எனக்காக வாயைத் திறக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பொறுமையே உருவாக நின்றாய். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"எனக்கு எழுதற கை இதுங்க."

கடைக்காரர் ஒரு கணம் என் இடது கையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அதுக்கென்னங்க அம்மணி? எழுதற கை உங்குளுது, காசு வாங்கற கை என்னுது. எதுல வேணா எழுதுங்க."

அப்புறம் என்ன ஒரு திருவிழா! அவர் எடுத்து எடுத்துக் கொடுக்க, நான் எழுதி எழுதித் தள்ளினேன். மெல்லிய நிப்பு தாளைப் பிராண்டியது. நீங்களெல்லாம் பேனாவை இழுத்துக்கொண்டு போகிறீர்கள், நான் தள்ளிக்கொண்டு போகிறேன், அதனால் கூர்நுனி எனக்குக் குத்துகிறது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். பட்டையான நிப்பு குத்தவில்லை, ஆனால் மையைக் கொட்டியது. நடுத்தர நிப்பு ஒன்று வந்தது. 'ஞ' எழுதினேன். 'ழ' எழுதினேன். அழுத்தவே இல்லை, சும்மா வழிகாட்டினால் போதும், அதுபாட்டுக்கு வளைந்து போனது. "இதுங்க! இதேதானுங்க!" என்று நான் கத்தியதில் கடைக்காரரே திடுக்கிட்டார்.

மையில்தான் நமக்குச் சண்டை. மயில்கழுத்து நிறத்தில், சாய்த்துப் பார்த்தால் செம்பு மினுங்கும் ஒரு மைக்கு நீ மயங்கிவிட்டாய். எனக்கும் ஆசைதான். ஆனால் எழுதியதன் மேலேயே என் உள்ளங்கை ஊர்ந்து போக, சொல் இருந்த இடத்தில் பச்சைநீலத் தீற்றல்தான் மிஞ்சியது. "உன் கை நல்லாப் படிக்குதுடி, பூரா பாடமும் அதுல இருக்கு" என்று என் கையைத் தூக்கிக் கடைக்காரருக்குக் காட்டினாய். பிறகு ஒரு சாதாரண நீலத்தைச் சோதித்தோம். எழுதி, உள்ளங்கையால் தேய்த்தேன். அசையவில்லை. தேர்வுக்கும் அந்த நிறம்தான் ஆகும். நீ மயில்கழுத்துப் புட்டியை மனசில்லாமல் திருப்பி வைத்தாய். "பரவால்ல. என் கல்யாணத்தப்ப சர்ச்சுல கையெழுத்துப் போட வந்து வாங்கிக்கிறேன்."

விடுதி வரை பொறுக்கவில்லை நமக்கு. எதிர்ப்பக்க பேக்கரியிலேயே உட்கார்ந்து, புட்டியைத் திறந்து, பேனாவின் திருகைத் திருகி மையை உறிஞ்சி நிரப்பினோம். உன் நோட்டில் நான் முதலில் எழுதியது சட்டமும் இல்லை, என் பெயரும் இல்லை. சுவரில் தொங்கிய விலைப்பலகைதான். வெஜ் பஃப்ஸ், தேங்காய் பன், ஹனி கேக். "உன் எழுத்தைப் பார்த்தாப் பசிக்குதுடி" என்று சொல்லி என் பங்கு பஃப்ஸையும் நீயே சாப்பிட்டாய்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் நீ கேள்வி கேட்க, நான் எழுதினேன். கட்டைவிரல் மரத்துப்போவது நின்றது. மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஊருக்குப் போய்ப் படுத்து எழுந்து வருகிறேன் என்றாய். உன்னைப் பார்க்க நான் கொண்டைஊசி வளைவுகளில் பஸ் ஏறி வந்தபோது, உன் வீட்டு வாசலில் ஊரே நின்றிருந்தது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மற்ற தாள்களுக்கெல்லாம் மேசை இருந்தது. இன்று மட்டும் வேறு அறை. எழுதுபலகையை வலது கைப்பக்கம் பொருத்திய நாற்காலிகள். இப்படிப்பட்ட நாற்காலிகளில் உடம்பைத் திருகிக்கொண்டே கல்லூரியை முடித்தவள் நான், உனக்குத் தெரியும். உட்கார்ந்தேன். இடது கை பலகைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். எழுந்து நின்றேன்.

"என்னம்மா?" என்றார் அறைக் கண்காணிப்பாளர்.

"எனக்கு எழுதற கை இதுங்க மேடம். மேசை வேணுங்க."

"மணி அடிக்கப் போறாங்களேம்மா. இருக்கறதுல எழுதக் கூடாதா?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. "முடியாதுங்க" என்றேன். அதிலும் ஒரு 'ங்க' இருந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அவர் வாசலில் நின்ற உதவியாளரைக் கூப்பிட்டார். அப்போது கடைசி வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது, என்னுடையதைவிட மெலிதாக: "மேடம், எனக்குமுங்க." திரும்பினேன். ஒரு பெண் இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

இரண்டு மேசைகள் வந்தன.

எழுதினேன் புள்ள. ஓடியது பேனா. கடைசிக் கேள்விக்கும் முழுதாக, யோசித்து, ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்து நிமிர்ந்தபோது மணி இன்னும் அடிக்கவில்லை. முடிவு எப்படி வருமோ தெரியாது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் மேசையில் இரண்டு முழங்கைகளையும் அகல ஊன்றிக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.