இரண்டு வினாடி வயிற்றெரிச்சல்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. காலையில் ஒரு பெரியவருக்குப் புது லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்திக் கொடுத்தேன். மூக்கில் அழுத்துகிறது என்று திரும்பத் திரும்பக் கழற்ற வைத்தார். கடைசி முறை எதையும் மாற்றாமல், துணியால் துடைத்து மட்டும் நீட்டினேன். இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தேன். 'கோபுரம்' பட்டியலுக்கு ஒரு வீடியோ வந்து என் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. அனுப்பியது 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் யாரோ. என்னைவிட இரண்டு வினாடி குறைவு.

டப்பாவை அப்படியே மூடிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டாள். விளக்க வேண்டியதாகிவிட்டது.

'கோபுரம்' நான் பள்ளியில் படிக்கும்போது வந்த விளையாட்டு. ஒரு திருடன் மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறி மணியின் நாக்கைத் திருட வேண்டும், அவ்வளவுதான் கதை. இன்றைக்கும் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பைத்தியங்கள் அதை யார் சீக்கிரம் முடிப்பது என்று போட்டி போடுகிறோம். ஆடியதை முழுசாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஒப்புதல் தருகிறவர் உட்கார்ந்து பார்த்து, தில்லுமுல்லு இல்லை என்று சொன்னால்தான் பட்டியலில் பெயர் ஏறும். முன்பு ஒப்புதல் தர மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, போய்விட்டார். இன்னொருவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை. மிச்சம் நான். முதலிடத்தில் இருப்பதும் நான்.

"அப்போ பரீட்சை எழுதறதும் நீங்க, திருத்தறதும் நீங்களா?" என்றாள்.

அப்படி இல்லை. அவரவர் வீடியோவுக்கு அவரவரே ஒப்புதல் தர முடியாது. முதலிடத்துக்கு வருகிறவருக்கும் ஒப்புதல் தரும் உரிமை கிடைக்கும், அது எங்கள் வழக்கம். ஆக, இந்த அரைத்தூக்கத்தை நான் மேலே ஏற்றிவிட்டால், அப்புறம் என் வீடியோவை அரைத்தூக்கம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

இவள் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊரார் எல்லோரையும் வலிக்காமல் குத்துவாளாம், என்னைத் தவிர.

மார்ச் 6, வியாழன்

அது ஒரு பெண். வீடியோ முடியும் இடத்தில் குரல் கேட்கிறது. கொட்டாவி விடுகிறாள். என் சாதனையை முறியடித்துவிட்டுக் கொட்டாவி!

மார்ச் 9, ஞாயிறு

மச்சினன் வந்திருந்தான். புது விளையாட்டு ஒன்றை என் டிவியில் போட்டுக் காட்டினான். திறந்தவுடனே 'இன்று வந்ததற்குப் பரிசு' என்று ஒரு பெட்டி துள்ளுகிறது. வந்ததற்கு என்னடா பரிசு? நான் என்ன அங்கன்வாடிக் குழந்தையா? தினமும் வராவிட்டால் பரிசு போய்விடுமாம். அது விளையாட்டு இல்லை, வருகைப் பதிவேடு.

தரையில் அம்புக்குறி. ஏறக்கூடிய சுவருக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட். கூடவே ஒரு பொம்மை, 'மேலே ஏறிப் பார்க்கலாமே' என்று காதில் ஓதிக்கொண்டே வருகிறது. தொலைந்துபோகக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறது. போதாக்குறைக்கு முடிக்காமலே விற்றுவிட்டு, மாசாமாசம் ஒட்டுப் போடுகிறார்கள். நான் அரைகுறையாக அறுத்த கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வாருங்கள், இன்னொரு கண்ணைச் சரிசெய்து தருகிறேன் என்றால் முதலாளி என்னை உயிரோடு விடுவாரா?

இதையெல்லாம் சொன்னேன். மச்சினன் தன் வீரனுக்குப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டே, "மாமா, பிடிக்கலன்னா விடுங்க. ஏன் கோவப்படறீங்க?" என்றான்.

கோபம் அவன் மேல் இல்லை என்பது எனக்கே தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! புகைபோக்கித் தளம். அங்கே எல்லோரும் ஏணி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த அரைத்தூக்கம் விளிம்பில் ஒரு கணம் குனிகிறாள், குதிக்கிறாள், நேராக மேல்தளத்தில் போய் நிற்கிறாள். அந்த உயரத்தைத் திருடனால் தாண்டவே முடியாது. இத்தனை வருஷமாக ஆடுகிறவனுக்குத் தெரியாதா? வீடியோவை வெட்டி ஒட்டியிருக்கிறாள்.

ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தேன். ஒட்டு தெரியவில்லை. தெரியாதபடி ஒட்டியிருக்கிறாள். கெட்டிக்காரிதான்.

இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 12, புதன்

வார விடுமுறை. பொய் என்று நிரூபிக்க நானே ஆடிப் பார்த்தேன். விளிம்பு, குனி, குதி. விழுந்தான். விழுந்தான். விழுந்தான். பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு தடவை குதித்துவிட்டான்.

ஐயோ. உண்மை. குனிந்தபடி குதித்தால் திருடன் கூடுதலாக எம்புகிறான். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? குனிந்தால் வேகம் குறையும் என்று அந்தப் பொத்தானையே நாங்கள் யாரும் தொட்டதில்லை.

மார்ச் 13, வியாழன்

ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஒரு வீடியோவை இத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே. எனக்கும் வேலை இருக்காதா, குடும்பம் இருக்காதா?

காலையில் எழுந்ததிலிருந்து குளிக்கப் போகும்வரை அந்தக் குதிப்பைப் பழகினேன்.

மார்ச் 17, திங்கள்

அவளிடமிருந்து ஒரு செய்தி. "அண்ணா, அவசரமில்ல. ஏதாவது தப்பா அனுப்பிட்டேனா?"

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை, அந்தக் குதிப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். புது விளையாட்டுகளில் எல்லாம் குனிந்து குதித்தால் உயரமாகப் போகும், அந்தப் பழக்கத்தில் சும்மா செய்து பார்த்தாளாம்.

சும்மா! மஞ்சள் பெயிண்ட்டில் வளர்ந்த கூட்டம். எதுவும் உருப்படாது என்று நான் திட்டித் தீர்த்த அதே குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, என் கோபுரத்தில் என் தலைக்கு மேலே ஏறி நிற்கிறாள். எரியாமல் என்ன செய்யும்?

இவள் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் வீடியோவையே எத்தனை தரம் பார்ப்பீர்கள் என்றாள். சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். ஆராய்ச்சி என்றேன்.

"பொறாமை. அதுக்கு ஆராய்ச்சின்னு பேரு வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மார்ச் 19, புதன்

பெருவிரல் வலிக்கிறது. குனி, குதி.

மார்ச் 20, வியாழன்

கடையில் ஒரு லென்ஸை வீணாக்கினேன். கோணத்தை மாற்றி அறுத்துவிட்டேன். கையில் லென்ஸ், மனசில் விளிம்பு. முதலாளி வீணானதை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 22, சனி

முடித்துவிட்டேன்! அவளைவிட ஒரு வினாடி குறைவு! காலையிலேயே கத்தினேன். பாத்ரூமிலிருந்து இவள் என்ன ஆயிற்று என்று பதறினாள்.

இப்போது ஒரே சிக்கல். என் வீடியோ ஏற வேண்டுமானால் ஒப்புதல் தர இன்னொரு ஆள் வேண்டும். அதற்கு முதலில் அவளை ஏற்ற வேண்டும். ஏற்றினால் அவள்தான் என் வீடியோவைப் பார்ப்பாள். அந்தக் குதிப்பையும் பார்ப்பாள்.

பார்க்கட்டுமே. குதிப்புக்கு யாரும் பட்டா போட்டு வைக்கவில்லை. விதிப்படி நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்புறம் ஏன் இதை இவளிடம் சொல்லவில்லை?

மார்ச் 23, ஞாயிறு

காலையில் அவள் வீடியோவுக்கு ஒப்புதல் கொடுத்தேன். ஒப்புதல் தரும் உரிமையும் கொடுத்தேன். நன்றிண்ணா என்று உடனே பதில் வந்தது, வரிசையாகச் சிரித்த முகங்கள்.

மாலையில் என்னுடையதை அனுப்பினேன்.

அவள் என்ன, நான் செய்த மாதிரிதானே செய்யப் போகிறாள். கிடப்பில் போடுவாள். போடட்டும், காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. நான் மறுபடி முதலிடம்.

கூடவே ஒரு செய்தி. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"முழுசா பாத்தேன்ணா, எல்லாம் சரியா இருக்கு. குனிஞ்சு குதிக்கறத என்னவிட நல்லா பண்றீங்க. என்னுது ஏன் அவ்ளோ நாள் ஆச்சுன்னு இப்பதான் புரிஞ்சுது. பரவால்ல. அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் நான் ஃபர்ஸ்ட்ல இருக்கறத காட்டலாம்னு இருந்தேன், அவ்ளோதான்."

அம்மா வருகிறவரைக்கும் என் வீடியோவைத் திறக்காமலே இருந்திருக்கலாமே. யார் கேட்கப் போகிறார்கள்? அதைத்தான் கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வீடியோ வந்தா பாத்துடணும்லண்ணா" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

முதலிடம். என்ன செய்வது அதை வைத்துக்கொண்டு.

மார்ச் 26, புதன்

இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் அம்மா என்ன வேலை பார்க்கிறார்? தெரியாது. மூன்று வாரம் அவள் விரல் அசைவை ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 3, வியாழன்

என் வீடியோவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அது பிச்சை போடுவது மாதிரி. அவளும் ஒத்துக்கொள்ளமாட்டாள், நானும் உள்ளுக்குள் ஒத்துக்கொள்ளமாட்டேன். எனக்கு இன்னும் ஜெயிக்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடையில் இருக்கும்போது அவளுடைய புது வீடியோ வந்தது. என்னைவிட அரை வினாடி குறைவு.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பொய் சொல்வானேன், குறை இருக்காதா என்று தேடித்தான் பார்த்தேன். இல்லை. இரண்டாம் தளத்தில் ஒரு கதவை முதுகாலேயே தள்ளிக்கொண்டு போகிறாள், பாவி, எங்கிருந்துதான் பிடிக்கிறாளோ. வயிறு பற்றி எரிந்தது. ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

அம்மா வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை, இந்த வாரம் முழுக்க வெளியூர் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார்கள் என்றாள்.

உள்ளே போய் ஒரு அம்மாளுக்குப் படிக்கிற கண்ணாடி பொருத்திக் கொடுத்தேன். ஒரே தடவையில் சரியாக உட்கார்ந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று காலை அவள் நேரத்தை நான் தாண்டிவிட்டேன். கதவு, முதுகு, எல்லாம் வந்துவிட்டது. ஒரு பிசகு இல்லை. வீடியோ அப்படியே கணினியில் இருக்கிறது. இவளிடம் காட்டினேன். அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், கிண்டல் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அனுப்பமாட்டேன். அதற்கு மேல் என்னால் முடியாது.