வெட்டிய ஆப்பிளின் பழுப்பு

மார்ச் 3, செவ்வாய்

மாலை ஓவிய வகுப்பு. மேசையில் இரண்டு வாழைப்பழம், ஓர் ஆரஞ்சு, பாதியாக வெட்டிய ஆப்பிள். இத்தனை நாள் நீர்வண்ணத்தோடு மல்லுக்கட்டி, இன்றுதான் தண்ணீர் என் சொல்லைக் கேட்டது. வரைந்து முடிப்பதற்குள் ஆப்பிள் பழுப்பேறிவிட்டது. அதை அப்படியே தீட்டினேன். ஐம்பது வயதில், ஆபீஸ் ஃபைல்களைத் தவிர என் கையால் உருப்படியாக ஒன்று! அவ்வளவு பிடித்திருந்தது.

கை கழுவிவிட்டு வந்தால், என் நாற்காலியில் ஆசிரியர். பழுப்பின்மேல் கெட்டி வெள்ளையைப் பூசிக்கொண்டிருந்தார். ஆரஞ்சுக்கும் ஒரு பளபளப்பு.

"இப்பப் பாருங்கம்மா, எப்படி உயிர் வந்துருச்சு!"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

எதுக்குச் சிரிச்சேன்?

மார்ச் 4

கற்றுக்கொடுப்பவர்தான், தெரியும். தனித்தாளில் காட்டியிருக்கலாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சா போயிடும்?

"அவர் கை பட்டது உனக்குப் பெருமைதானே? ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றார் கணவர்.

"உங்க கையெழுத்தை வேற ஒருத்தர் போட்டா பெருமையா?"

செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

மார்ச் 10

மாதக் கடைசியில் வகுப்புக் கண்காட்சி. ஆசிரியர் அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார். என் பெயர் போட்ட அட்டையும் தயார்.

"அது என் படமில்ல சார். வேற வரைஞ்சு தர்றேன்."

"நல்லா வரணும்னுதானே தொட்டேன்? இதை வைக்கலைன்னா உங்களுக்கு இடமில்லம்மா."

"சரி சார்."

படத்தைக் குழாயடியில் பிடித்தேன். அவர் வெள்ளை போனது, என் பழுப்பும் போனது. போகட்டும்.

மார்ச் 14, சனி

சாப்பாட்டு மேசை என் வசம். மகள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். அதே பழங்களை அடுக்கி ஆரம்பித்தேன். பாதியில் ஒரு வாழைப்பழத்தைக் காணோம்.

"பழம்னா திங்கத்தானே?" – வாய் நிறைய, கணவர்.

தோலைப் பிடுங்கி வைத்தேன். தோலையே வரைந்தேன். ஆப்பிளை நன்றாகக் கறுக்கவிட்டேன். வெள்ளை வண்ணத்தைத் தொடவே இல்லை. வெளிச்சம் விழும் இடங்களில் தாளை வெறுமனே விட்டேன்.

மார்ச் 28

கண்காட்சி நாள். இடமில்லை என்றவர் முன்னாலேயே புதுப் படத்தைக் கொண்டுபோய் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"கறுத்த பழத்தை யாரும்மா பார்ப்பாங்க?"

"பார்க்கலைன்னா போறாங்க சார். நான் பார்த்தேன்."

கழிவறைக்குப் போகும் வழியில் ஓர் ஆணியைக் காட்டினார். மாட்டினேன். மாலையில் கணவர் வந்தார். அங்கேயே நின்றுகொண்டு, "தோல் நான் உரிச்சதுதான்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

மார்ச் 31

யாரும் வாங்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்தாயிற்று.

ஏப்ரல் 7

வகுப்புக்குப் போனேன். ஏன், போகாமல் என்ன? இன்று மாதுளை. பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். ஆசிரியர் தூரிகையோடு அவள் தாளின்மேல் குனிந்தவர், சட்டென்று நின்றார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவளிடம் கேட்டார்.

"தொடலாமாம்மா?"

"வேணாம் சார், நானே பார்த்துக்கறேன்."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.