நியூயார்க்கிலிருந்து வந்த மஞ்சள் கயிறு

1975 நவம்பர் 12, புதன்

நியூயார்க்கில் இன்டர்வியூ முடிந்து இவர் இன்று திரும்பினார். துறைமுகம், வானளாவிய கட்டடங்கள், நாடக அரங்குகள் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை அதே பேச்சு. அந்த ஊரில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் போலீஸ்காரர்களையே வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முன்பு இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த கமலா, இப்போது நியூயார்க்கில்தான் இருக்கிறாள். எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே புது மஞ்சள் கயிறு.

"தாலிச் செயின் இருக்கே, இது எதுக்கு?" என்றேன்.

"அங்க ரயில்ல செயின் போட்டுக்கிட்டுப் போக முடியாதாம். கமலாவும் இப்போ கயிறுதான்."

"அவ கழுத்துல காயம் ஏதாவது இருந்துதா?"

"தெரியல. வீட்டுக்குள்ளயும் மஃப்ளர் சுத்தியிருந்தாங்க."

வேலை கிடைத்துவிட்டது, ஜனவரியில் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். எனக்குக் கழுத்திலிருந்து கையை எடுக்க முடியவில்லை.