தங்கைக்கு வீடு கட்டும் ஊர்

மார்ச் 8, 1966. செவ்வாய். கடலூர் ஓ.டி. துறைமுகம்.
காலையிலிருந்தே புழுக்கம். கடல் மட்டும் அமைதி. தூரத்தில் நிற்கும் கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றும் படகுகள் ஓயாமல் போவதும் வருவதும். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் எனக்குப் புது வேலை: ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிரேக்க மாலுமிக்குத் துணை. பெயர் யோர்கி (இனி யோ.). கம்பிவடம் அறுந்து அடித்ததில் முழங்காலுக்குக் கீழே ஆழமான காயம், தையல். எனக்கும் அவருக்கும் தெரிந்த இங்கிலீஷைச் சேர்த்தால் ஒரு ஆள் இங்கிலீஷ் தேறும்.

ஆயா முட்டை கொண்டுவந்தார். யோ. மோவாயை மேலே தூக்கினார். 'என்ன அது?' என்று கேட்கிறார் என்று ஆயா நினைத்துக்கொண்டு, "முட்டைய்யா, முட்டை! கோழி போடுதே, அது!" மறுபடி மோவாய். மறுபடி முட்டை. கடைசியில்தான் விளங்கியது. அவர் ஊரில் மோவாயைத் தூக்கினால் 'இல்லை, வேண்டாம்'. 'நே' என்றால் 'ஆமாம்'. ஈஸ்டருக்கு முன்னால் அவர்களுக்கும் நோன்பாம், முட்டை ஆகாது. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

வாங்க: சோப்பு, யோ.வுக்கு வாழைப்பழம், உம்மாவுக்குத் தைலம்.

மார்ச் 9, புதன்.
யோ.வின் ஊர். பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார், என் நாக்கில் நிற்கவில்லை. தீவு. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. துறைமுகத்திலிருந்து மலைமேல் படிப்படியாக வீடுகள். ஒருத்தர் மொட்டைமாடிதான் அடுத்தவர் வாசல். மழைத் தண்ணீர் மாடியிலிருந்து வழிந்து வீட்டுக்கு அடியிலேயே தொட்டியில் சேருமாம். வருஷம் முழுக்க அதுதான் குடிக்க, சமைக்க. வாய்க்கால் பாயும் சீமையில் இருந்துகொண்டு நாம் தண்ணீருக்கு அழுகிறோம்!

முன்காலத்தில் கொள்ளைக் கப்பல் பயம். அதனால் வெளிவரிசை வீடுகளின் பின்சுவர்தான் ஊருக்குக் கோட்டைச் சுவர். யோ. வீட்டு வாசற்படி ஒரு பழைய கோயில் கல், எழுத்தோடு. யார் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது, மிதித்துத்தான் போகிறார்கள். எவ்வளவு பழைய ஊர்! சாயங்காலம் ஆனால் ஊரே துறைமுகத்தில் நடக்கும், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். எதற்கு என்றேன். சும்மாவாம்.

ஆபீசில் நடராஜனிடம் சொன்னேன். சிதம்பரத்துக்காரர். "எங்க ஊர்லயும்தான் பாய், நாலு வீதியும் சும்மா சுத்துறோம். எவன் வாயப் பொளந்து கேக்குறான்?"

மார்ச் 11, வெள்ளி.
ஜும்மாவுக்குப் பிறகு போனேன். இன்று கேட்டதில் உடம்பே சிலிர்த்துவிட்டது. அவர் ஊரில் வீடு மூத்த மகளுக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மற்றப் பெண்களுக்கு வீடு கட்ட அண்ணன் தம்பிகள் கப்பல் ஏறுவார்கள். தங்கைகள் கரையேறும் வரை தங்களுக்குக் கல்யாணம் கிடையாது.

பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவைத்தான் சொல்கிறாரோ! வாப்பா போன பிறகு பெரிய தங்கைக்கு வீடு முடித்தேன். 'நானா, நானா' என்று அண்ணனையே சுற்றிவரும் சின்னவள் சுபைதாவின் வீடு இன்னும் லிண்டல் மட்டத்தில். "மச்சானுக்கு வூடு கட்டவே பொறந்தவரு" என்று ஆபீசில் என்னைக் கேலி செய்வார்கள். உலகத்தில் நம் நாலைந்து ஊர்தான் இப்படி என்று பொருமியும் இருக்கிறேன். இத்தனை கடல் தாண்டி, சிலுவை போட்டுக்கொள்ளும் ஒருத்தர் இதையே செய்கிறார். அல்லாஹ்வின் படைப்பை என்னவென்று சொல்வது!

"யூ? சிஸ்டர்?" என்றார். "ஒன் மோர்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

அவருடைய கடைசித் தங்கைக்கு ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். வீடு தயார். அண்ணன் வராமல் நடக்காது என்று பெண் சொல்லிவிட்டாளாம். அவருடைய கப்பல் தாது ஏற்றி முடித்துத் திங்கட்கிழமை கிளம்பி சூயஸ் வழியாக அந்தப் பக்கம்தான் போகிறது. அதை விட்டால் அடுத்தது எப்போதோ.

மார்ச் 13, ஞாயிறு.
மேகம். மழை இல்லை. டாக்டர் வந்தார், பொறுமையான மனிதர். காயத்தைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள வலி இருந்துச்சின்னா சீழ் கோத்திருக்குன்னு அர்த்தம். அனுப்ப மாட்டேன். நடுக்கடல்ல யாரு பாப்பா? கேளுங்க பாய்."

கேட்டேன். யோ. மோவாயைத் தூக்கினார்.

"என்னா, கேள்வி புரியலையா அவருக்கு?"

எனக்குப் புரிந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. போர்வைக்கு அடியில் என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"வலி இல்லேன்னு சொல்றாரு டாக்டர்."

சொன்னதைச் சொன்னேன். தெரிந்ததைச் சொல்லவில்லை. டாக்டர் அனுமதி எழுதிக் கொடுத்தார். கப்பலுக்கு மருந்து, பஞ்சு, ஊசி.

மார்ச் 14, திங்கள்.
காற்று ஜாஸ்தி. படகில் கூடப் போனேன். அலை மோதும்போதெல்லாம் யோ. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார். படகுக்காரர் தேவனாம்பட்டினத்தவர். "இந்தக் காலோட எங்க பாய் போறாரு?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு."

"அப்ப செரி" என்றார். கப்பல் மேலிருந்து பலகை இறக்கி, அவரைக் கட்டித் தூக்கினார்கள். மத்தியானம் கப்பல் போய்விட்டது.

மார்ச் 15, செவ்வாய். பரங்கிப்பேட்டை. லீவு.
நல்ல வெயில். உம்மாவிடமும் சுபைதாவிடமும் எல்லாம் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி, கோட்டைச் சுவர், எழுத்துக் கல், சாயங்கால நடை. டாக்டரிடம் சொன்னதையும். அந்தக் கால் புரையோடினால்?

சுபைதா அஸர் தொழுதுவிட்டு, பாயில் இருந்தபடியே திரும்பினாள்.

"நானா, அந்தத் தங்கச்சி பேரு என்னா? பேரு சொல்லி துஆ கேக்கணும்."

ஊரையே கேட்டிருக்கிறேன். அவள் பெயரைக் கேட்கவில்லை.

"போவுது, அல்லாவுக்குத் தெரியாதா என்னா" என்று கையை ஏந்தினாள். "யா அல்லா, எங்க ரெண்டு பேரோட நானாமாரையும்..."

அதற்குமேல் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.