துரைக்குப் பூசிய ஈயம்

மார்ச் 3, திங்கள்

துரையின் முன்பக்க இடது மூட்டில் இருந்த பழைய பூச்சையெல்லாம் இன்று சுரண்டி எடுத்துவிட்டேன். துரை என்று பெயர் வைத்தது என் மனைவி. அறுபத்திரண்டாம் வருடத்து ஆங்கிலேயக் கார். இரண்டே இருக்கை, துணிக்கூரை, தரையோடு தரையாகக் கிடக்கும். பதினோரு வருடமாகப் பணிவிடை செய்கிறேன், இன்னும் ஒரு தெரு தாண்டவில்லை. “உக்காந்த இடத்துலயே உங்கள வேலை வாங்குதே, துரைதான்!” என்பாள்.

டிங்கரிங் பட்டறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “பட்டி வெச்சு இழுத்துட்டுப் போங்க சார். மேல பெயிண்ட் விழுந்தா யாருக்குத் தெரியப்போகுது?”

எனக்குத் தெரியுமே. இரண்டு தகடு சேரும் இந்த மூட்டைத் தொழிற்சாலையில் ஈயத்தை உருக்கிப் பூசித்தான் நிரப்பினார்கள். பட்டி என்பது பிசின். பழங்கார் சங்கத்தின் சான்றிதழில் ஒரே வரிதான்: தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தபடியே. ‘ஏறக்குறைய’ என்ற சொல் அதில் கிடையாது. முப்பத்தோரு வருடம் ஒரு ஆலையின் அளவுச் சோதனைப் பிரிவில் மற்றவர்கள் வேலையைக் கழித்துத் தள்ளிவிட்டு, என் வேலையில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வதா?

மார்ச் 11, செவ்வாய்

ஈயம் நன்றாகப் பிடித்துவிட்டது. தீயைக் காட்டினால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும், மரக்கரண்டியால் இழுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் மொத்தமும் தரையில். வீட்டில் கேட்டால் ‘பற்றவைக்கிறேன்’ என்கிறேன். யாருக்கும் அதற்கு மேல் கேட்கப் பொறுமை இல்லை.

இனி அரம். ஈயத்தை அரத்தால் மட்டுமே சீவ வேண்டும், சுருள் சுருளாகக் கீழே விழும், பொறுக்கிவிடலாம். இயந்திரம் வைத்துத் தேய்த்தால் மாவாகப் பறக்கும். அது விஷம். கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நானும் சிவப்பில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மாலை ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் சுண்டெலி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பேத்திக்கு இருபத்திரண்டு மாதம். என்னிடம் கணக்கு இருக்கிறது: இருபத்தாறு சொல் பேசுகிறாள். காருக்கு ‘டூர்’. எனக்கு ‘தாத்தூ’. அதையும் திருத்த வேண்டுமா என்று மகன் கேலி செய்கிறான்.

மார்ச் 19, புதன்

சங்கத்திலிருந்து கடிதம். ஆகஸ்டில் வருவதாக இருந்த பரிசோதகர்கள் மே 4 அன்றே வருகிறார்களாம். இல்லையென்றால் அடுத்த முறை இரண்டு வருடம் கழித்துத்தான். இரண்டு வருடம்! எனக்கு அறுபத்தெட்டு. மணிக்கட்டு இப்போதே அரத்தைப் பிடித்தால் கழன்றுவிடும்போல வலிக்கிறது.

மூன்று மூட்டு பாக்கி. ஒன்றுக்கு ஆறு நாள். அதன் பிறகு வண்ணப் பூச்சுகளுக்கே ஒரு மாதம் வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

தேய்ப்பு இயந்திரத்தை எடுத்தேன். ஆறு நாள் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கதவைத் திறந்து வைத்து, மூக்கை மூடும் வடிகட்டி முகமூடி போட்டுக்கொண்டுதான் செய்தேன்.

மார்ச் 27, வியாழன்

நான்கு மூட்டும் முடிந்தன. விரல் நகத்தால் தடவினாலும் இணைப்பு தெரியவில்லை. உச்சி குளிர்ந்தது. நாளை முதல் பூச்சு.

மனைவி முற்றத்துக் கொடியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “துவைச்சுப் போட்டா சாம்பல் தூசி படிஞ்சு கெடக்கு. குழந்தை போர்வைய மறுபடி உதறிப் போட்டேன்.” ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சுண்டெலி சரியாகச் சாப்பிடுவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பல் முளைக்கிறது என்கிறாள் மனைவி. வண்ணம் மூன்றாவது பூச்சு.

ஏப்ரல் 17, வியாழன்

குழந்தை டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார். சோகை மாதிரி வெளுத்திருக்கிறாளாம். ‘டூர்’ சொல்லு என்றேன். பார்த்தாள். சொல்லவில்லை. கோபமாக இருக்கலாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரத்தத்தில் ஈயம்.

நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறது. ஐந்தைத் தாண்டவே கூடாதாம். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார்: “வீட்ல பழைய பெயிண்ட் உரியுதா? தண்ணிக் குழாய் எவ்வளவு பழசு? பொம்மை எங்க வாங்கினீங்க? பாத்திரம்?” மகன் என் பக்கம் திரும்பினான். “அப்பா, உங்க கார் பெயிண்ட்ல இருக்குமா?”

“பெயிண்ட் எல்லாம் புதுசு. அதுல ஈயம் கிடையாது” என்றேன்.

எழுத்துக்கு எழுத்து உண்மை. இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

எல்லோரும் ஆஸ்பத்திரியில். ஷெட், முற்றம், படி, கூடம் எல்லாவற்றையும் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். துணி ஒவ்வொரு முறையும் கறுப்பாகத்தான் வந்தது. குழந்தைக்காகத் துடைத்தேனா, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று துடைத்தேனா? எனக்கே சொல்லத் தெரியவில்லை என்று எழுத வந்தேன். தெரியும்.

முகமூடி போட்டுக்கொண்டேன். எனக்கு மட்டும் போட்டுக்கொண்டேன். அப்புறம் அதே சட்டையோடு வெளியே வந்து அவளைத் தூக்கினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுக்க வேண்டுமாம். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இன்னும் ஒன்பது நாள். சொன்னால் ஷெட்டைப் பூட்டுவார்கள், பரிசோதகர்கள் திரும்பிப் போவார்கள். குழந்தைதான் இங்கே இல்லையே. ஆஸ்பத்திரிக்குப் பிறகும் நேரே மருமகளின் அக்கா வீட்டுக்குத்தான் போகப்போகிறாள், காரணம் தெரியும்வரை இந்த வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. ஆகவே ஒன்பது நாளில் புதிதாக எந்தக் கெடுதலும் வந்துவிடாது. நன்றாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நன்றாக யோசித்து! சீ.

ஏப்ரல் 28, திங்கள்

முடிவுகள் வந்தன. மகனுக்கு ஆறு, மருமகளுக்கு ஏழு. மனைவிக்கு இருபத்திரண்டு.

எனக்குப் புரிந்தது. என் சட்டையைத் துவைப்பவள் அவள். துவைக்கும் முன் உதறுபவளும் அவள்.

மருமகளுக்கு வேறு மாதிரிப் புரிந்தது. மனைவியிடம் பளபளப்புப் பூச்சு போட்ட மண் கிண்ணம் ஒன்று உண்டு, அவள் அம்மா கொடுத்தது. அதில்தான் குழந்தைக்குப் பிசைந்து ஊட்டுவாள், மிச்சத்தை அவளே சாப்பிடுவாள். அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று மருமகள் எங்கோ படித்திருக்கிறாள். கிண்ணத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் டங்கென்று வைத்தாள்.

“எத்தனை தடவை சொன்னேன் அத்தை, ஸ்டீல்ல குடுங்கன்னு? கேட்டீங்களா? இனிமே என் குழந்தையத் தொடாதீங்க.”

மனைவி நின்றவாக்கிலேயே நின்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை இறக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

குழந்தையை அக்கா வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். பதினேழுக்கு இறங்கியிருக்கிறதாம். நல்ல செய்தி. மகன் வந்து அவள் சாமான்களை மூட்டை கட்டி எடுத்துப்போனான்.

மே 1, வியாழன்

கிண்ணத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மனைவி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. “நானே என் கையால குடுத்திருக்கேனே” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். “கிண்ணமா இருக்காது” என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கதவுக் கைப்பிடிக்கு மெருகு போட வேண்டும் என்று எழுந்து போனேன்.

மே 4, ஞாயிறு

பரிசோதகர்கள் இருவர், ஒருவர் நெட்டை, ஒருவர் கண்ணாடி. நான்கு மணி நேரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். என்னைப் போன்றவர்கள்தான். வேறு நாளாக இருந்தால் நண்பர்கள் ஆகியிருப்போம். வேலை நடந்த படிகளைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். நெட்டை மூட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினார்.

“ஈயமே பூசியிருக்கீங்க. இப்பல்லாம் யாரும் செய்யறதில்ல சார். பயப்படறாங்க.”

“முறையா செஞ்சா பயம் இல்ல” என்றேன்.

என் வாய்தான் அதைச் சொன்னது.

மே 5, திங்கள்

சொல்லிவிட்டேன்.

நானாகச் சொன்னேன் என்று பெருமைப்பட முடியாது. காலையில் மகன் போன் செய்தான். சுண்டெலிக்கு மறுபடி முப்பத்தொன்பதாம். பதினேழுக்கு வந்தது மறுபடி ஏறிவிட்டது. அந்த வீட்டில் கிண்ணமும் இல்லை, பழைய குழாயும் இல்லை. “எங்கேருந்துப்பா வருது? எங்கேருந்து?” என்று குழந்தை மாதிரி அழுதான்.

ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.  அப்புறம் அந்த மூட்டை நினைவுக்கு வந்தது. மகன் கட்டிக்கொண்டு போன மூட்டை. போர்வை. மார்ச் மாதம் கொடியில் காய்ந்த அந்தத் தடித்த பஞ்சுப் போர்வை. அதன் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேதான் அவள் தூங்குவாள்.

திரும்பப் போன் செய்தேன். “போர்வைய எடுத்துத் தூரப் போடுடா. பொம்மையும். இப்பவே. நான்தான்டா. காரோட மூட்டுக்குப் பூசினது ஈயம். மெஷின் வெச்சுத் தேய்ச்சேன். பறந்துச்சு. கொடியில துணி இருந்துச்சு. எனக்குத் தெரியும்.” அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு மருமகளின் குரல். அவள் கேட்டது ஒன்றுதான்.

“எப்பலேருந்து தெரியும் மாமா?”

“டாக்டர் சொன்ன அன்னிக்கே.”

வைத்துவிட்டாள். நான் திரும்பினால், கதவருகே மனைவி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மே 6, செவ்வாய்

மனைவி ஒரு பையில் நான்கு புடவை எடுத்து வைத்தாள். பிறகு அவற்றைத் திரும்ப வெளியே எடுத்து வைத்துவிட்டு வெறும் கையோடு கிளம்பினாள். “இந்த வீட்டுத் துணி எதுவும் குழந்தை இருக்கற எடத்துல வேண்டாம்.”

வாசலில் செருப்பைக்கூட மாட்டவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அவளே சொன்னாள்.

“தெரியாமப் பண்ணிட்டீங்க, அத நான் மன்னிச்சிருப்பேன். நாப்பத்திரண்டு வருஷத்துல எதத்தான் மன்னிக்கல? ஆனா நான்தான் விஷம் வெச்சேன்னு நெனச்சு நான் செத்துக்கிட்டிருந்தப்ப, நீங்க பேப்பர் படிச்சீங்களே.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

மே 19, திங்கள்

கிண்ணத்தின் சோதனை முடிவு தபாலில் வந்தது. ஈயம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். அறுபத்தொன்று. மருந்து தருகிறேன் என்றார் டாக்டர். மணிக்கட்டு வலி, வயிற்றுப் பிடிப்பு, நாக்கில் இரும்புச் சுவை, எல்லாம் அதுதானாம். வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. அது ஒரு நாடகம். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சங்கத்தின் சான்றிதழ் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மூட்டுகளுக்கு முழு மதிப்பெண். ‘தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தபடியே.’ பட்டறைக்காரர் பார்த்துவிட்டுக் கை கொடுக்க வந்தார், என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஊருக்கே தெரியும்.

ஜூலை 30, புதன்

மகன் போன். பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாளாம். எல்லாச் சொல்லும் திரும்புமா என்று கேட்டேன். “பாக்கலாம்னு சொல்றாங்கப்பா. முழுசா பழையபடி ஆகும்னு யாரும் சொல்லல” என்றான். என்னை இன்னும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறான். அதைக் கேட்கத்தான் அதிகம் வலிக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகன் குடும்பத்தோடு குடிபோயிருக்கும் புது வீட்டுக்கு முதல் முறையாகப் போனேன். மருமகள் சொன்ன நிபந்தனைப்படி, புதுத் துணி வாங்கி, பொது நீச்சல் குளத்துக் குளியலறையில் குளித்து, அங்கேயே மாற்றிக்கொண்டு நேராகப் போனேன். பழைய துணியை அங்கேயே குப்பையில் போட்டேன்.

உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மனைவி அடுப்படியில் இருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

சுண்டெலியை மருமகள் கதவு வரை அழைத்துவந்தாள். உயரமாகிவிட்டாள், மெலிந்திருக்கிறாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. ‘தாத்தூ’ என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இப்போது ஐந்து சொல் பேசுகிறாள் என்று மகன் சொல்லியிருந்தான். எவை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். எதையும் தொடும் முன்னும், சாப்பிடும் முன்னும், யார் மடியில் ஏறும் முன்னும் இப்படிக் காட்டப் பழக்கியிருக்கிறார்கள். சுத்தமான, சிறிய கைகள். பிறகு என்னைப் பார்த்து, “கை” என்றாள்.

நானும் நீட்டினேன். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கைகள்தான். குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.